சந்தேகமும் வேண்டும், சோதனையும் வேண்டும்!

குழந்தையின் உடம்பில் காயம். யார் செய்தது? கேள்வி எழுந்த மறுகணமே தீர்ப்பும் எழுதப்படுகிறது. "பெற்றவளே அடித்திருப்பாள்" என்கிறது ஒரு பக்கம். "பெற்றவள் செய்வாளா?" என்று மூடி மறைக்கிறது இன்னொரு பக்கம். இரண்டிலும் அடிபடுவது குழந்தைதான்.

2013 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கூலித் தொழிலாளி வீட்டுக் கைக்குழந்தை தீக்காயங்களோடு சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தது. உடம்பு தானாகத் தீப்பற்றுகிறது என்றார்கள் பெற்றோர். ஊர் அஞ்சியது, பத்திரிகைகள் அதிசயம் என்று எழுதின. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தானாக எரியக் காரணம் எதுவும் அகப்படவில்லை. யாரேனும் சுட்டிருக்கலாமோ என்ற ஐயமும் எழுந்தது. 2015 ஜனவரியில் அதே வீட்டின் அடுத்த குழந்தையும் தீக்காயத்தோடு வந்தது. அதிசயக் கதை எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறுபக்கமும் உண்டு, தோழர்களே. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் புட்டத்திலும் நீலத் திட்டு இருக்கும். அறியாதவர் கண்ணுக்கு அது அடித்த கன்றல். கன்றல் சில நாளில் நிறம் மாறி மறையும். பிறவித் திட்டு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயுள்ள பையனுக்கு லேசாக இடித்தாலே கன்றிவிடும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள பிள்ளைக்குத் தூக்கினாலே முறியலாம். வெயில் எட்டாத சால் அறையில் வளரும் பிள்ளைக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு வலுவிழக்கும். அதற்காக, நோய் இருந்தால் அடியே விழவில்லை என்றும் ஆகிவிடாது. நோயுள்ள பிள்ளையும் அடிபடலாம்.

ஆகவே அதிகாரிகளை நாம் கேட்பது இதுதான்: இரத்தமும் எலும்பும் சோதித்துக் குழந்தை மருத்துவர் சொல்லும் முன் முடிவு எழுதாதீர்கள், அதுவரை குழந்தையைப் பத்திரமாக வையுங்கள். மராத்தி தெரியாத தாயிடம் தமிழ் அறிந்தவரை வைத்து விசாரியுங்கள். அவள் பதிலில் தடுமாறுவது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது.

பெற்றோரே, பிரசவச் சீட்டையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பிறவித் திட்டு இருந்தால் தடுப்பூசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை அடிபடுகிறது என்று தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள், காசு செலவில்லை.

விசாரணை என்று அழைத்தால் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். மொழி சொல்ல நாம் கூட வருவோம். ஆனால் குழந்தையை அடித்தவன் ஒளிந்துகொள்ளச் சங்கத்தின் கொடி நிழல் தராது.