சென்ற இடமே செல்வோம்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் முன்னோர் மொழி. முன்னோர் மொழியை மறுத்தல் அழகன்று. ஆயினும் ஆராய்தல் தவறாகாது. பால் புளிப்பது பழக்கத்தால் மட்டுமா? துலக்காத கலத்திற் பெய்த பால், அன்று கறந்ததாயினும் அன்றே புளிக்கின்றது. அங்ஙனமாயின் குற்றம் பாலினிடத்ததோ, கலத்தினிடத்ததோ? விடுமுறைச் சுற்றுலாவைப் பற்றி இக்காலக் குடும்பங்களில் எழும் வழக்கொன்றைக் கேட்குந்தோறும் இவ்வினாவே என் நெஞ்சில் எழுகின்றது.

"இந்த முறையும் அங்கேதானா?" என்பதே அவ்வழக்கு. எஹலியகொடவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம் மக்களுக்குச் சுற்றுலா என்பது ஆண்டிற்கொருமுறை வருவது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியோ, ஆண்டிறுதி விடுமுறையிலோ, நான்கைந்து வீட்டார் கூடி ஒரு வானை வாடகைக்கு அமர்த்துவர். செல்லும் இடமும் பெரும்பாலும் முடிந்த முடிபு. கேகாலைப் பக்கத்துப் பின்னவல யானைகள் சரணாலயம். அல்லது கொழும்புத் திசையில் நீர்ச்சறுக்கும் இராட்டினமும் அமைந்த கேளிக்கைப் பூங்கா. முதலாண்டு பிள்ளைகள் துள்ளுவர். இரண்டாமாண்டு மகிழ்வர். மூன்றாமாண்டு முகஞ் சுளிப்பர். தந்தை உள்ளத்துள் நோவார்.

அந்நோவை எளிதாக எண்ணுதல் கூடாது. 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என வரையறுக்கப்பட்டது. வான் வாடகை, நுழைவுச் சீட்டு, பிள்ளைகள் கேட்கும் தின்பண்டம் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு நாட் சுற்றுலா எத்தனை நாளுழைப்பை விழுங்குகின்றது என்பது விளங்கும். எங்கள் பகுதி இறப்பர்ப் பகுதி; மழை மிகுந்த பகுதியும் ஆகும். மழை பெய்தாற் பால்வெட்டு இல்லை. வெட்டில்லையேல் வருவாய் குன்றும். அவ்வாறு மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அழைத்துச் சென்ற நாளில், "இதையும் எத்தனை முறை பார்ப்பது?" என்று பிள்ளை வினவினால், அச்சொல் தந்தையின் ஓராண்டு உழைப்பின்மேல் விழுகின்றது. இதற்கு அஞ்சியே, அடுத்த ஆண்டு இன்னும் தொலைவான, இன்னும் விலை மிகுந்த இடத்தைத் தேடிக் கடன்படுவோரும் உளர்.

இச்சலிப்புக்குக் கேளிக்கைப் பூங்காக்களை நடத்துவோர் ஒரு மருந்து வைத்திருக்கின்றனர். டென்மார்க்கின் தலைநகரில் தீவொலிப் பூங்கா 1843இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் வோல்ட் டிஸ்னி அமைத்த டிஸ்னிலாண்ட் 1955இல் திறக்கப்பட்டது. நான்காண்டு கழியுமுன் அங்கு மலையொன்றைக் கட்டியெழுப்பி, அதன்மேல் வண்டிகளை உருட்டிவிட்டனர். சென்னையிற் கிஷ்கிந்தா 1995இல் தோன்றியது. ஒருமுறை வந்தவன் மறுமுறையும் வந்தாலன்றி இத்தகைய நிலையங்கள் பிழையா. ஆகவே புதிய இராட்டினம், புதிய சறுக்கு, புதிய விளக்கு என்று கூட்டிக்கொண்டே போகின்றனர். அது அவர்தம் தொழில், குறை கூறுதற்கில்லை. ஆனால் அம்மருந்து பூங்காவுக்குரியது, குடும்பத்துக்குரியது அன்று. ஆண்டுதோறும் புதிய இராட்டினம் செய்து தரத் தந்தையால் ஆகுமா?

டிஸ்னிலாண்டிலேயே நாம் கருதத்தக்க வேறொன்றும் உண்டு. திறந்த காலந்தொட்டு அங்கே காட்டாற்றுப் படகுப் பயணம் ஒன்று நடந்து வருகின்றது. இடையிற் சிற்சில காட்சிகள் மாறினும் படகும் ஆறும் பழையனவே. ஆயினும் மக்கள் மீண்டும் மீண்டும் ஏறுகின்றனர். என்னை? படகோட்டுவோர் வாய்திறந்து பேசுகின்றனர். ஆளுக்கு ஆள் பேச்சின் சுவை வேறுபடுகின்றது. கோடிக்கணக்கிற் பொருள் கொட்டிய இடத்திலும், பழைய ஆற்றைப் புதிதாக்க ஒரு மனிதனின் வாய்ச்சொல் போதுமாயிற்று.

இந்நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றிலே குறிஞ்சித்திணைக்குரிய நூறு பாக்களும் கபிலர் ஒருவர் பாடியவை. நிலம் ஒன்று, ஒழுக்கம் ஒன்று, புலவரும் ஒருவர். எனினும் நூறும் நூறு சுவை. எவ்வாறு இயன்றது? அந்நூற்றையும் பத்துப் பத்தாக வகுத்துள்ளனர். கேழற்பத்தில் காட்டுப்பன்றி வரும். குரக்குப்பத்தில் குரங்கு வரும். கிள்ளைப்பத்தில் கிளி வரும். மஞ்ஞைப்பத்தில் மயில் வரும். மலை முழுவதையும் ஒரே பாட்டில் அள்ளிக் கொட்டக் கபிலர் முயலவில்லை. அகப்பொருள் இலக்கணமோ முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாக்கிப் பொழுதினைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்தது. இவற்றுக்கும் மேலாக, ஒரே நிகழ்ச்சியைத் தலைவி கூறுவதாகவும் தோழி கூறுவதாகவும் நற்றாய் கூறுவதாகவும் அமைத்துக் கூற்றினால் வேறுபடுத்திற்று. ஆகவே பழைய நிலத்தைப் புதிதாக்கும் வழிகள் மூன்று: பொருளை மாற்றல், பொழுதை மாற்றல், கூற்றை மாற்றல். இம்மூன்றையும் சுற்றுலாவுக்கு இயைத்துக் காண்போம்.

முதலாவது பொருள். மாணவர் எழுதும் சுற்றுலாக் கட்டுரைகளை முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வருகின்றேன். அதிகாலை எழுந்தோம், வாகனத்தில் ஏறினோம், யானைகளைக் கண்டோம், உணவருந்தினோம், மகிழ்வுடன் வீடு திரும்பினோம் என்பதே பெரும்பாலார் எழுதும் கட்டுரை. முதன்முறை சென்றவனும் இதனையே எழுதுகின்றான். ஐந்தாம்முறை சென்றவனும் இதனையே எழுதுகின்றான். எனவே மீண்டும் செல்லுதல் சலிப்பைப் பிறப்பிக்கவில்லை. எல்லாவற்றையும் காண முயன்று ஒன்றையும் காணாமையே பிறப்பிக்கின்றது. ஒரு மாணவி, மூன்றாம்முறை பின்னவல சென்று வந்தவள், கண்ணிவெடியில் முன்காலின் அடியை இழந்த சாமா என்னும் யானையைப் பற்றி மட்டுமே எழுதினாள். நம் நாட்டுப் போரை யானையும் சுமந்தது என்னும் கருத்து, முதலிரு பயணங்களில் அவளுக்குத் தோன்றவில்லை, கூட்டத்தையே கண்டிருந்தாள். மூன்றாவதில் ஒன்றைக் கண்டாள்.

பின்னவல தானும் நின்ற நிலையில் நிற்பதன்று. 1975இல் தாயிழந்த கன்றுகளைக் காத்தற்குத் தொடங்கப்பட்ட அவ்விடத்தில், 1984இல் முதற்கன்று பிறந்தது. 2021இல் இரட்டைக் கன்றுகள் பிறந்தன. "சென்ற ஆண்டு கண்ட கன்று இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும்?" என்ற வினாவோடு செல்லும் பிள்ளைக்கு அஃது எப்படிப் பழைய இடமாகும்? கேளிக்கைப் பூங்காவுக்கும் இஃது ஒக்கும். முதன்முறை உருள்வண்டியில் ஏறி அலறுக. மறுமுறை கீழே நின்று அதன் இயக்கத்தை நோக்குக. சங்கிலியொன்று வண்டியை உச்சிவரை இழுத்துச் செல்கின்றது. அங்கிருந்து விடுபட்டபின் எஞ்சினின்றி, புவியீர்ப்பின் வலியாலேயே அது பாய்ந்தோடுகின்றது. பாடநூலில் உறங்கிக் கிடந்த விதியொன்று கண்முன் ஓடுவதைக் காணும் மாணவன் இராட்டினத்தை வெறுப்பானா?

இரண்டாவது பொழுது. நாம் எப்போதும் ஒரே மாதத்தில், ஒரே நேரத்தில் சென்று, பெருங்கூட்டத்தின் முதுகுகளைக் கண்டு மீள்கின்றோம். பின்னவலவில் யானைகளை நாளிருமுறை மா ஓயாவில் நீராட்டுவர். காலை நீராட்டு வேறு, பிற்பகல் நீராட்டு வேறு. குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள போபத் எல்ல அருவி அரசிலை வடிவினது. பெயரும் அதனால் வந்ததே. வறண்ட மாதங்களில் அவ்விலை மெலியும். மழைக்குப் பின் பொலியும். இரு பருவங்களில் இருமுறை கண்டவனே அருவியைக் கண்டவன். ஒன்று கூறல் வேண்டும்: நீர் பெருகிய காலத்தில் எட்ட நின்று காண்க, இறங்கற்க. சப்பிரகமுவ ஆறுகளின் வேகம் நாமறியாததன்று.

மூன்றாவது கூற்று. மூன்றினும் இதுவே தலையாயது. நாம் முற்றாகக் கைவிட்டதும் இதுவே. நம் சுற்றுலாவில் யார் என்ன செய்வது என்பது ஆண்டுதோறும் மாறுவதில்லை. தந்தை பணம் கொடுப்பார். மூத்த மகன் முன்னிருக்கையில் அமர்வான். தாய் இரவு இரண்டு மணிக்கே எழுந்து சோறாக்கிப் பொதி கட்டுவாள். சென்ற இடத்திலே மரநிழலில் அமர்ந்து எல்லார் செருப்பையும் பைகளையும் காத்திருப்பாள்; ஈரத்துணி பிழிவாள்; பொதி பிரித்துப் பரிமாறுவாள். பத்துமுறை பின்னவல சென்றும் யானை நீராடக் காணாத தாயரை நான் அறிவேன். நீர்ப்பூங்காவுக்கு ஆண்டுதோறும் சென்றும் கால் நனையாத தாயரையும் அறிவேன். "இந்த முறையும் அங்கேதானா?" என்று கேட்டற்கு உரிமையுடையவர் ஒருவர் உளராயின் அவர் தாயே. அவருக்கே அவ்விடம் மெய்யாகப் பழையது. வீட்டு வேலை வண்டியேறி வந்த இடம் அது. ஆனால் அவர் கேட்பதில்லை.

அகப்பாட்டிலே நற்றாய்க்கும் ஒரு கூற்று உண்டு. நம் சுற்றுலாவிலே இல்லை. ஆதலால் யான் கூறுவது இது: ஆண்டுக்கொருவர் தலைமை ஏற்கட்டும். ஓராண்டு தாய் வழிகாட்டட்டும். எதைக் காண்பது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என அவரே வகுக்கட்டும். அன்று பொதியைத் தந்தையும் மக்களும் கட்டுக. பையைத் தந்தை காக்க. மற்றோராண்டு கடைக்குட்டி வழி நடத்தட்டும். பெரியோர் கால்கடுக்க நிற்கும் இடத்தில் அவன் எறும்புப் புற்றைக் காட்டினும் காட்டுவான். பிறிதோராண்டு, அவ்விடத்தை ஒருமுறையும் காணாத பாட்டியையோ, அயல் வீட்டுப் பிள்ளையையோ உடனழைத்துச் செல்க. அறியாதார்க்கு எடுத்துரைக்கும்போது அறிந்தது புதிதாகும் என்பது ஆசிரியர் அனைவரும் கண்ட உண்மை. அதே பாடத்தை ஆண்டுதோறும் கற்பித்தும் நாம் சலியாதிருப்பது, முன்னிருக்கும் முகங்கள் மாறுவதனால் அன்றோ?

இது புத்தகப் பேச்சு, நடைமுறைக்கு ஒவ்வாது என்று எண்ணுவோர், எங்கள் மாகாணத்து வானில் எழுந்து நிற்கும் சிவனொளிபாதமலையை நோக்குக. 2,243 மீற்றர் உயரமுடைய அம்மலைக்கு, மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையிலான பருவத்தில் பல சமயத்தாரும் ஏறுகின்றனர். ஆண்டுதோறும் ஏறுவோர் பலர். மலை ஒன்றே, பாதம் ஒன்றே. எனினும் முதன்முறை ஏறுபவர்க்குச் சிங்கள மக்களிடையே தனிப்பெயர் உண்டு. அவர் வழிமுறைகளைக் கேட்டறிந்து செய்பவர். பலமுறை ஏறியவர் கூட்டத்தை நடத்திச் செல்பவர். சென்ற ஆண்டு கைபிடித்து ஏற்றப்பட்டவர் பின்னோராண்டு மற்றொருவரைக் கைபிடித்து ஏற்றுகின்றார். வழியும் ஒன்றன்று: ஹட்டன் வழியும் உண்டு, இரத்தினபுரி வழியும் உண்டு, எங்களுக்கு அணித்தான குருவிட்ட வழியும் உண்டு. உச்சியில் ஒரு மணி தொங்குகின்றது. எத்தனை முறை ஏறினரோ அத்தனை முறை அதனை ஒலிப்பது வழக்கம். முதன்முறை வந்த இளைஞன் ஒருமுறை ஒலித்து நிற்க, தளர்ந்த கிழவி ஒருத்தி முப்பது முறை ஒலிப்பதைக் கேட்டோர் உளர். மீண்டும் வந்தமை அங்கே சலிப்பன்று, சிறப்பு.

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். "தோட்டத்துப் பிள்ளைக்குப் பழைய இடமே போதும் என்கின்றீரா? ஏழை பின்னவலவோடு அமைக. செல்வர் உலகஞ் சுற்றுக என்பதோ உமது நீதி?" என்று மாணவர் கேட்கலாம். கேட்டல் வேண்டும். என் கருத்து அதுவன்று. இத்தீவின் கடலையும் கோயிலையும் பாழடைந்த பழம்பதிகளையும் எம்மக்கள் காணத்தக்க சம்பளமும் ஓய்வும் பெறவேண்டும். அஃது அவர்தம் உரிமை. ஆனால் காணும் கண்ணைப் பழக்காது இடத்தை மட்டும் மாற்றுவோர், எத்துணைத் தொலைவு சென்றாலும் அதே கட்டுரையையே எழுதுவர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் மூன்றாம் நாட்டிற் சலித்துப்போய்க் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதைக் காண்கின்றோம். வறுமை வேறு, சலிப்பு வேறு. முன்னதை நீக்கப் போராடுவோம். பின்னதை நீக்கக் காசு வேண்டியதில்லை.

இதனைத் தோட்டத்து மக்களுக்கு யான் விளக்க வேண்டியதுமில்லை. இறப்பர் மரத்திற் பால் வெட்டுவோர் அதே மரத்தினிடம் மீண்டும் மீண்டும் செல்கின்றனர். பழைய கீறலில் கத்தியை வைத்துக்கொண்டு, பால் வரவில்லையே என்று மரத்தை நோவாரில்லை. முன் வெட்டியதற்குக் கீழே, மயிரிழையளவு புதிய பட்டையைச் சீவுகின்றனர். பால் சுரக்கின்றது. ஆழ வெட்டினால் மரம் புண்படும் என்பதும் அவர்க்குத் தெரியும்.

ஆசிரிய அன்பர்களே, அடுத்த தவணைச் சுற்றுலாவுக்கு இடந்தேடி அலையுமுன், சென்ற ஆண்டு இடத்தையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவனுக்கும் காணுதற்கென ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள். பெற்றோர்களே, வரும் விடுமுறைக்கு வானை அமர்த்துமுன், இம்முறை பையைக் காப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அம்முடிவு சரியாயின், சென்ற இடமே புதிய இடமாகும்.