பழைய மாவு, புதிய எடிட்டர்

மாட்டுங்காவில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் நாளை காலை ப்ராஜெக்ட் அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்று இரவு பார்த்துத்தான் அவர் தன் ஈமாக்ஸ் எடிட்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறார். (செய்யக் கூடாத நேரம். எல்லோரும் அந்த நேரத்தில்தான் செய்கிறார்கள்.) நேற்றுவரை ஓடிய துணை பேக்கேஜ்கள் மக்கர் செய்கின்றன. ‘அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்கிறது ஒன்று. அறிக்கை எழுதி வைத்த ஆர்க் மோட், பதிப்புகள் கலந்துவிட்டன என்று ஓடவே மறுக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிடக் கை பரபரக்கிறது.

பொறுங்கள். பல சமயம் குற்றவாளி புதிய எடிட்டர் அல்ல, பழைய மாவு.

தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் விடிவதற்குள் அவிக்கும் இட்லி மும்பையின் பல மூலைகளுக்குப் போகிறது. அதற்கு அரிசியும் வேண்டும், அரைத்த மாவும் வேண்டும். ஈமாக்ஸ் பேக்கேஜும் அப்படித்தான். மனிதர் எழுதிய லிஸ்ப் நிரல் அரிசி. அதை கம்பைல் செய்த ‘இஎல்சி’ ஃபைல் மாவு. மாவு இருந்தால் ஈமாக்ஸ் அரிசியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மேக்ரோ எனும் சுருக்கங்கள் அரைக்கும்போதே விரிந்து மாவில் கலந்துவிடுகின்றன. புதிய பதிப்பில் அந்த மேக்ரோ மாறியிருக்கும். மாவிலோ பழையதே இருக்கும். புளிப்பு அங்கேதான்.

தேதியைப் பார்த்து அரைக்கும் வழக்கமான கட்டளை இங்கே உதவாது. மாறியது எடிட்டர்தானே, அரிசி மாறவில்லையே! 2023-ல் வந்த 29-ஆம் பதிப்பு முதல் ‘பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல்’ என்ற கட்டளை எல்லாவற்றையும் மறுபடி அரைத்துத் தருகிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் ‘எல்பா’ ஃபோல்டரில் உள்ள இஎல்சி ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். பிறகு எடிட்டரை ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

அரிசியே பழசாகிவிட்டிருந்தால் அரைத்துப் பயனில்லை. முதலில் பேக்கேஜைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். விடெர்ம், பிடிஎஃப்-டூல்ஸ் போன்றவற்றில் சி மொழியில் எழுதிய பகுதியும் உண்டு; அதைத் தனியாக கம்பைல் செய்ய வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டது முதல் குனு ஈமாக்ஸ் அரிசியோடுதான் வருகிறது. அதனால்தான் மாட்டுங்கா விடுதி அறையிலும் அரைக்க முடிகிறது. வெறும் மாவை மட்டும் விற்கும் மென்பொருளில் இந்த வசதி கிடையாது. விற்றவர் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த மாணவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்தால் இன்றிரவு அதிலேயே அறிக்கையை முடித்துவிடலாம். ஆனால் அதற்குள் ரீகம்பைல் கட்டளையைத் தட்டியிருக்கக் கூடாது. புதியதில் அரைத்த மாவு பழையதில் வேகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.