கடலுக்கு ஐம்பது ரூபாய், ஆற்றுக்குக் குப்பை வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்றங்கரை ஊர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடலை நான் நேரில் பார்த்தது வாழ்நாளில் நான்கைந்து தடவைதான் இருக்கும். ஆனாலும் இந்தக் கடிதம் கடலுக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆற்றைப் பேசாமல் அந்தக் கடலைப் பேச முடியாது என்பதால் ஆற்றிலிருந்து தொடங்கவேண்டி இருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். ஆமை தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை மடியில் சிக்கிவிட்டால் மேலே வர வழியில்லை, மூழ்கியே செத்துப்போகும். என் மகன் சென்னையில் படித்த காலத்தில், 1988 முதல் அங்கே மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்போடு இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து முட்டை சேகரிக்கப் போனவன். அந்த ஜனவரியில் அவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு படம் போட்டான். கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்த ஆமை. அதைப் பார்த்துவிட்டு என் மதினி, "நம்மளால ஏதும் செய்ய முடியாதா?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் சிறு சேமிப்பு. மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய், முடியாதவர்கள் இருபது. இன்று 83 பேர். வாழைத்தார் ஏற்றும் லோடுமேன் தம்பிகள் இருக்கிறார்கள், திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள், துபாயில் இருக்கும் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கணக்கு நோட்டு என்னிடம். ஒன்றாம் தேதி வரவு செலவைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவேன். பணத்தைக் கடலோரத்தில் ஆமைக்கும் கடற்பசுவுக்கும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு அனுப்புகிறோம்.

இதெல்லாம் பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சின்னப் பணம் ஒன்றுக்கும் ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைக் கடலோரத்தையே புரட்டிப் போட்டது. மறு ஆண்டே பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து, ஊரார் கொடுத்ததையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பியதையும் வைத்துப் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். நம்பிக்கை இருந்தால் சனம் கொடுக்கும். எங்கள் பள்ளத்தாக்கிலும் கொடுக்கிறது.

என் ஆத்திரம் வேறு இடத்தில்.

போன மாதம் விடிகாலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் குப்பை வண்டி கரையோரமாகப் பின்பக்கம் திரும்பி நின்றது. தொட்டியைத் தூக்கிச் சரித்தார்கள். ஏற்கெனவே அங்கே ஆள் உயரத்துக்கு மேடு கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஜேசிபி வந்து அந்த மேட்டைத் தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளிச் சமப்படுத்தியது. இடம் பண்ணுகிறார்களாம். நான் நின்று சத்தம் போட்டேன். வண்டியில் வந்த தூய்மைப் பணியாளர், என் வயதுப் பெண், "யக்கா, எங்கள வையாதீங்க. கொட்டச் சொன்ன எடத்துல கொட்டுறோம். வேற எடம் காட்டச் சொல்லுங்க, அங்க கொண்டுபோறோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கையுறைகூட இல்லாமல் அந்தக் குப்பையை அள்ளுகிறவர் அவர். மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி வந்தது. மேடு அப்படியே இருக்கிறது. ஒரு முழம் வளர்ந்தும் இருக்கிறது.

எங்கள் ஊர் ஒன்று மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். சாக்கடைகள் ஆற்றில் விழுவதைப் பல பாலங்களில் நின்று பார்த்துவிட்டேன். போதாக்குறைக்கு எங்கள் விவசாயத்தின் கழிவு வேறு. வாழைத்தாருக்குப் போடும் உறையைச் சொல்கிறேன். காய் தழும்பு விழாமல், பளபளப்பாக இருக்க வேண்டும் என்று தாரை முழுசாக மூடிக் கட்டுகிறார்கள். வெட்டும் அன்று உறையைக் கிழித்து வரப்பில் போடுகிறார்கள். காற்று அதை வாய்க்காலில் சேர்க்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோர நாணலில் அவை எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பார்த்தே தண்ணீர் எதுவரை ஏறியது என்று சொல்லிவிடலாம். விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, என் பிறந்த வீடும் வாழைத் தோட்டம்தான். கிழித்த உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஊருக்கு ஒரு இடம் வைத்தால் அவன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். அப்படி ஒரு இடத்தை இதுவரை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

"தேனிக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று மனுவை வாங்கியவர் கேட்டார். அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன், இன்னும் பலருக்கு அதே கேள்வி இருக்கும்.

பெரியாற்றுத் தண்ணீர் இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ வேண்டியது. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து அதைக் கிழக்கே திருப்பிவிட்டார். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதனால்தான் பொங்கலன்று லோயர்கேம்பில் அவர் மணிமண்டபத்தில் பானை வைக்கிறோம். அந்தத் தண்ணீர் தேனிப் பக்கம் வைகையில் கலந்து, வைகை அணைக்குப் போய், மதுரை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேருகிறது. மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவில் விழுகிறது. வருசநாட்டு மலையிலிருந்து அதுவரை வைகையின் நீளம் சுமார் 258 கிலோமீட்டர். மேற்குக் கடலுக்குரிய தண்ணீரைக் கிழக்குக் கடலுக்குத் திருப்பி நூறு வருஷத்துக்கு மேலாகச் சோறு தின்கிறோம். அந்தக் கிழக்குக் கடல்மேல் எங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது.

வைகை கடலைத் தொடுவதே அபூர்வம், 1959இல் கட்டிய அணை வேறு குறுக்கே நிற்கிறது, குப்பை எங்கே கடலுக்குப் போகும் என்றும் கேட்கிறார்கள். பாதி உண்மைதான். கனமானது அணையில் தங்கும். அந்த அணையிலிருந்து மதுரைக்குக் குடிதண்ணீர் போகிறது, அங்கே பிடிக்கும் மீனைத்தான் நாங்கள் குழம்பு வைக்கிறோம். அங்கே தங்கினால் நல்லது என்று சொல்ல முடியுமா? மிதப்பது, கரைவது எல்லாம் மதகு திறக்கிற நாளில் கிளம்பிவிடும். உரமும் சாக்கடையும் கலந்த நீர் கடலோரத்தில் பாசியைக் கிளப்பும். பாசி வெயிலை மறைக்கும். வெயில் படாத கடற்புல் மடியும். அந்தக் கடற்புல்லை மேய்ந்து பிழைப்பது ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு. ஒரு கடற்பசு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும் என்கிறார்கள். அதைக் காப்பாற்றத்தான் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. வலையில் சிக்கும் கடற்பசுவைத் தங்கள் வலையை அறுத்துவிட்டு விடுவிக்கும் மீனவர்களை நான் கும்பிடுகிறேன். வலை என்பது அவர்கள் முதல் அல்லவா?

போன வருஷம் ராமேசுவரம் போய்விட்டு வரும் வழியில் ஆற்றங்கரை முகத்துவாரத்துக்குப் போனேன். மணலில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள், பழைய சேலை, எண்ணெய் பாக்கெட். அவற்றுக்கு நடுவே எங்கள் பக்கத்து ஜவுளிக் கடைப் பை ஒன்று, கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் அழியாமல். ஆற்றோடு வந்ததா, எங்களைப் போல் யாத்திரை வந்த பஸ்ஸிலிருந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. எப்படி வந்திருந்தாலும் எங்கள் ஊரிலிருந்து வந்தது. எடுத்து வந்து கடையில் மாட்டி வைத்திருக்கிறேன். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள், சொல்வேன்.

2023-24 நிதிநிலை அறிக்கையில் அரசு நெய்தல் மீட்சி இயக்கம் அறிவித்தது. உலக வங்கி உதவியோடு ஐந்தாண்டில் 2,000 கோடி ரூபாய். கடல் அரிப்பைத் தடுப்பது, கடல் மாசைக் குறைப்பது, கடல்வாழ் உயிர்களைக் காப்பது. அறிவித்தவர்களை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் அது கடலோர மாவட்டங்களின் திட்டம். கடலோர மாவட்டம் 14. அதில் தேனி இல்லை, மதுரை இல்லை. அழுக்கு மாவட்ட எல்லையைப் பார்த்தா நின்றுவிடும்? வாயில் துடைத்துவிட்டுத் தலைமாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தால் எத்தனை கோடியும் பத்தாது. கடல் மாசைக் குறைக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தக் கடலுக்குப் போகும் ஆற்றின் மேல்மடை ஊர்களுக்கும் கொடுங்கள். ஆற்றங்கரையில் இருக்கும் குப்பை மேடுகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்றுங்கள். பெரிய சாக்கடைகள் ஆற்றில் சேரும் இடத்தில் கம்பித் தடுப்பும், சுத்திகரிப்பும் வையுங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, மஞ்சப்பைக்கு விழாவும் எடுத்தாயிற்று. நானே ஆயிரக்கணக்கில் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆற்றில் குப்பை சரிக்கும் வண்டியை மட்டும் ஏன் யாரும் நிறுத்தவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழா மேடைகளில் எங்களைப் போன்றவர்களைப் பாராட்டிப் பேசுகிறார்கள். பொதுமக்களே முன்வந்து கொடுப்பது பெருமை என்கிறார்கள். பாராட்டு வேண்டாம். ஐம்பது ரூபாய் கொடுக்கிற லோடுமேன் தம்பி வீட்டு வரியும் கட்டுகிறார். ஒரு கையால் அவர் கடலுக்குக் கொடுக்க, மறுகையால் அவர் கட்டும் வரியில் ஓடும் வண்டி அதே கடலுக்குப் போகும் ஆற்றில் குப்பை கொட்டுவது அவருக்குச் செய்கிற துரோகம்.

இந்த மாதம் நோட்டில் 3,840 ரூபாய் இருக்கிறது. குழுவில் நேற்று பேச்சு வந்தது: பணத்தை அனுப்ப வேண்டாம், நம் ஊர்ச் சாக்கடை வாயில் நாமே ஒரு கம்பி வலை கட்டிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் என்று வாங்கிய பணம். ஒன்றாம் தேதி அங்கேதான் போகும். வலை கட்ட வேண்டியவர்கள் யார் என்பதற்கு என்னிடம் வீட்டு வரி ரசீது இருக்கிறது. அதன் நகலை இணைத்து இன்னொரு மனு எழுதியிருக்கிறேன். 83 பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். துபாய்ப் பையன்கள் ஊருக்கு வந்ததும் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.