தறி ஓய்வது தலைவிதி அல்ல!

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தகப்பன் உட்கார்ந்த குழித்தறியில் மகன் உட்காருவதில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அவனை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஏற்றிக்கொண்டு போகிறது. "காலம் மாறிவிட்டது, என்ன செய்வது?" என்று ஜவுளி முதலாளிகள் கைவிரிக்கிறார்கள். பெரிய பத்திரிகைகளில் உபதேசம் செய்யும் பொருளாதார நிபுணர்களும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

நாம் இதை ஏற்க முடியாது. காலம் தானாக மாறுவதில்லை. ஒரு வட்டாரம் செழிப்பதும் நலிவதும் கிரக பலனால் அல்ல. எந்தத் தொழிலுக்குச் சட்டம் காவல் நிற்கிறது, எந்தத் தொழிலைக் கைவிடுகிறது. யாருக்கு நிலம், யாருக்கு மின்சாரம், யாருக்கு ஆஸ்பத்திரி என்பதைத் தீர்மானிப்பது சர்க்கார். அந்தத் தீர்மானத்தின் விளைவுக்குத்தான் 'காலம்' என்று பெயர் சூட்டுகிறார்கள். காஞ்சிபுரத்தின் கதையே இதற்குச் சாட்சி.

சுதந்திரம் வந்த ஆரம்ப ஆண்டுகளில் தமிழகத்துக் கைத்தறி நெசவாளர்கள் கஞ்சித்தொட்டிக்கு முன்னால் நிற்க நேர்ந்தது. நெசவாளர்கள் வாளாவிருக்கவில்லை, ஊர்வலம் போனார்கள், போராடினார்கள். 1952-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953-ல் மில் துணி மீது கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. மில் முதலாளியின் துணி மீது வரி போட்டுக் கைத்தறிக்குக் கொடுக்க முடியும் என்று அன்றே நிரூபணமாயிற்று.

1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. 22 ரகங்களை மில்லும் விசைத்தறியும் நெய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். பல ஆண்டு இழுத்தடித்த பிறகு, 1993-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நெசவாளி மூச்சு விடுவதற்குள், 1996-ல் டில்லி சர்க்கார் அந்த 22 ரகங்களை 11 ஆகக் குறைத்துவிட்டது. கோர்ட்டில் தோற்றவர்களுக்கு மந்திரி ஆபீசில் பாதி வெற்றி!

மிஞ்சிய 11 ரகங்களில் சேலை இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது. கடைவீதியில் என்ன நடக்கிறது? விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் காஞ்சிபுரம் பட்டு என்று சொல்லி விற்கிறார்கள். 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவனின் கூலிக்கு என்ன பாதுகாப்பு? 2017-ல் பட்டு நூல் மீதும் பட்டுச் சேலை மீதும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறியது. 2020-ல், ஊரடங்கில் தறிகள் நின்று நெசவாளி வீட்டில் அடுப்பு எரியாத அதே ஆண்டில், 1952-ல் பிறந்த கைத்தறி வாரியத்தை மத்திய சர்க்கார் கலைத்தது.

விளைவு என்ன? சர்க்காரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1995-96 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டில் 65 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். தமிழகத்தில் மட்டும் கடைசிப் பத்தாண்டில் மூன்றரை லட்சம் இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மிஞ்சிய நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைக்கூட எட்டவில்லை. இது காலத்தின் கூத்து அல்ல, கொள்கையின் கூத்து.

இதே காஞ்சிபுரம் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. சர்க்கார் பக்கத்தில் வந்து நின்றபோது நெசவாளியின் முதுகு நிமிர்ந்தது. தனி முதலாளியிடம் நெய்கிறவன் பாவுக்கும் பட்டுக்கும் ஜரிகைக்கும் அவன் கையை எதிர்பார்க்கிறான். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முன்பணம் வாங்குகிறான். முன்பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. அது தீருவதும் இல்லை. இந்தக் கட்டை அறுக்க வந்தவைதான் கூட்டுறவுச் சங்கங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் பிறந்தது. காஞ்சியில் காமாட்சியம்மன், முருகன், அண்ணா, திருவள்ளுவர் பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. ஜரிகைக்குச் சூரத்து வியாபாரியையே நம்பிக் கிடக்காதபடி, 1971-ல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் சர்க்கார் சொத்தாகக் காஞ்சியிலேயே தோன்றியது. சங்கத்தில் ஒரு கூலி நிர்ணயமாகும்போது, வெளியில் தனி முதலாளியும் அதைத் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். சங்கம் உறுப்பினருக்கு மட்டுமல்ல, உறுப்பினரல்லாத கூலி நெசவாளிக்கும் கவசம்.

குழந்தைகளின் கதையையும் மறக்க வேண்டாம். கோர்வைச் சேலைக்குத் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளச் சின்னஞ்சிறு கைகளைப் பிடித்துவைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை அடமானம். 2003-ல்கூட சர்வதேச மனித உரிமை ஸ்தாபனம் ஒன்று காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் கொத்தடிமையாகக் கிடந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பியது முதலாளியின் மனச்சாட்சியா? இல்லை. 1956-ல் தொடங்கி 1982-ல் விரிவடைந்த பள்ளி மதிய உணவு, தெருவுக்கு வந்த பள்ளிக்கூடம், குழந்தைத் தொழிலாளருக்கான தனிப் பள்ளிகள், இவற்றை வற்புறுத்தி வாங்கிய இயக்கங்கள் ஆகியவைதாம் எழுப்பின. 2006 முதல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது; இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று தொடங்கியது 2023-ல் 300 யூனிட் ஆயிற்று. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் விளக்கு இலவசமாக எரிந்தால் போதுமா? அதன் கீழே நெய்கிறவனுக்குக் கூலி வேண்டாமா?

கடல் கடந்த இந்தோனேசியாவிலும் இதே பாடம்தான். அங்கே நமது பட்டுக்கு நிகரான பெருமை பாத்திக் துணிக்கு உண்டு. மெழுகால் கோலமிட்டுச் சாயம் தோய்க்கும் தொழில் அது. 1948-ல் பாத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சம்மேளனம் கண்டன. டச்சு ஏகாதிபத்தியத்தை விரட்டிய நாட்டில், 1950-களில், பாத்திக்குக்கு வேண்டிய வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து வினியோகிக்கும் உரிமையைச் சர்க்கார் அந்தச் சம்மேளனத்திடம் கொடுத்தது. மூலப்பொருள் கையில் வந்தது. ஜாவாவின் ஊர்களில் தொழில் தழைத்தது. 1965-66-ல் அந்த மண்ணில் லட்சக்கணக்கான கம்யூனிஸ்டுகளும் தொழிலாளிகளும் விவசாயிகளும் கொன்று குவிக்கப்பட்டனர். சுகார்த்தோவின் ராணுவ ஆட்சி 1967-ல் அந்நிய மூலதனத்துக்குச் சட்டம் போட்டுக் கதவு திறந்தது. கூட்டுறவின் உரிமை போயிற்று. 1970-களில் இயந்திரத்தில் அச்சடித்த துணி சந்தையை நிரப்பியது. கையால் மெழுகிட்ட ஏழைப் பெண்கள் வேலையிழந்தார்கள். 2009-ல் யுனெஸ்கோ பாத்திக்கை மனித குலத்தின் பாரம்பரியம் என்று கௌரவித்தது. அங்கே பட்டம், இங்கே குறியீடு. பட்டத்தைக் கரைத்துக் குடித்தால் பசி தீருமா?

இனி நமது மாவட்டத்தின் மறு பக்கத்தைப் பார்ப்போம். "தறி போனால் என்ன, கார் கம்பெனி வந்ததே" என்கிறார்கள். வந்தது உண்மை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. சிப்காட் பேட்டைகள் வரிசையாக எழுந்தன. வேலை கிடைத்ததை நாம் குறை கூறவில்லை. கேட்பது வேறு: சலுகை யாருக்கு, சுமை யாருக்கு? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, நிலத்திலும் வரியிலும் சலுகைகளை அனுபவித்துவிட்டு, 2014 நவம்பர் 1-ம் தேதி கதவை மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் தெருவில் நின்றார்கள். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டில் விஷம் ஏறியதால் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியைச் சர்க்கார் திறந்தது 2024 ஆகஸ்டில். இந்த வட்டாரத்தில் முதல் கார் உருண்டு 26 ஆண்டு கழித்து!

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது சொர்க்கத்தை அல்ல. தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம். அந்தச் சங்கத்தைப் பதிவு செய்ய 2025 ஜனவரி வரை ஆயிற்று. கம்பெனிக்கு ஒற்றைச் சாளரம். தொழிலாளிக்கு ஒன்பது வாசல், ஒன்பதிலும் பூட்டு!

விவசாயத் தொழிலாளிக்கு நேர்வது இன்னும் கொடிது. 2022-ல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்கள், ஆயிரக்கணக்கான ஏக்கர் நஞ்சை, ஏரிகள். ஏகனாபுரம் மக்கள் அன்று முதல் கூடிக் கூடி எதிர்த்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். பட்டா உள்ளவனுக்கு ஏதோ ஒரு விலை பேசுகிறார்கள். பட்டாவே இல்லாமல் நாற்று நட்டும் களை எடுத்தும் வயிறு கழுவும் கூலிப் பெண்ணுக்கு எந்தப் பதிவேட்டில் விலை எழுதியிருக்கிறது? ஏரி போனால் அதன் கீழே இருக்கும் கூலியும் போகும். இதற்கும் 'அபிவிருத்தி' என்றே பெயர்.

"பொதுச் சேவைக்குப் பணமில்லை, ஆளில்லை" என்பது அடுத்த சாக்கு. 2019 ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. லட்சோப லட்சம் ஜனங்கள் வந்தார்கள். தற்காலிக பஸ் நிலையங்கள், மருத்துவ முகாம்கள், குடிநீர், கழிப்பறை எல்லாம் மளமளவென்று ஏற்பாடாயின. பக்தர்களுக்குச் செய்தது சரியே. நாம் கேட்பது, 48 நாளைக்கு முடிந்தது 365 நாளைக்கு ஏன் முடியாது என்பதுதான். அதே 2019 நவம்பரில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1965-ல் வந்த செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி புது மாவட்டத்துக்குப் போயிற்று. கோயில் நகரத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் மிஞ்சியது. நெசவாளியின் முதுகுவலிக்கும் கண் மங்கலுக்கும் பெரிய வைத்தியம் வேண்டுமானால் பஸ் ஏறு என்பதே நியாயமாயிற்று.

மில் தொழிலாளித் தோழர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கைத்தறி நெசவாளி உங்களுக்குப் போட்டியல்ல. தறியை விட்டு வரும் அவன் மகன் காண்டிராக்ட் கூலியாக உங்கள் ஆலை வாசலில் நிற்கும்போது, அவன் பசியைக் காட்டி உங்கள் கூலியைக் குறைக்கிறான் முதலாளி. நிலமிழந்த விவசாயக் கூலியையும் அதே வாசலுக்குத்தான் துரத்துகிறார்கள். தறி வாழ்ந்தால், வயல் வாழ்ந்தால், ஆலைத் தொழிலாளியின் பேரத்துக்கும் பலம் கூடும். மூவரின் விதியும் ஒரே நூலில் பின்னியது.

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பவை தெளிவானவை. 1985 சட்டத்தை ஏட்டில் வைக்காதே. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவன் மீது வழக்குப் போடு. பட்டையும் ஜரிகையையும் சங்கங்கள் மூலம் கட்டுப்படியான விலையில் கொடு. கைத்தறி மீது ஜி.எஸ்.டி.யை நீக்கு. சங்கங்களுக்குக் காலத்தில் தேர்தல் நடத்து. தள்ளுபடி மானியத்தைக் காலத்தில் கொடு. தனி முதலாளியிடம் நெய்பவனுக்கும் குறைந்தபட்சக் கூலியை அமுல் செய். காஞ்சிபுரத்துக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரி கொடு. சலுகை வாங்கும் கம்பெனி நிரந்தர வேலை தரவேண்டும், சங்கத்தை ஏற்கவேண்டும் என்று நிபந்தனை போடு. கிராம சபை வேண்டாம் என்ற நிலத்தில் கை வைக்காதே.

இவற்றில் எதுவும் இனாமாக வராது. 1953-ன் வரியும் இனாமாக வரவில்லை. 37 நாள் நின்ற தொழிலாளியின் சங்கமும் இனாமாகப் பதிவாகவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாய் எழுந்தன. மே தினத்தன்று அதே சர்க்கார் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒற்றுமையின் முன்னால் கொள்கை வளையும்.

பாவு ஓடுவது ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றாய் நிற்பதால். தனி இழையை ஒரு குழந்தையும் அறுத்துவிடும். தறிக்காரனும் மில்காரனும் ஏர்க்கூலியும் ஒரே பாவில் சேரட்டும். பிறகு இந்த வட்டாரத்தின் விதியை யார் எழுதுவது என்று பார்ப்போம்!