ஐந்து முறை சரியானால் போதுமா?



4,29,49,67,297 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டிய இவ்வெண், நம் படிப்பு முறையைப் பற்றியே ஒரு கேள்வி எழுப்புகிறது.

2-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65,536 எனக் கிடைக்கும். ஒவ்வொன்றுடனும் 1 கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65,537. ஐந்துமே பகா எண்கள்! இவ்வரிசையில் வருவன எல்லாமே பகா எண்கள்தாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் கருதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்றும் அப்போது எழுதினார்.

வரிசையில் ஆறாவதாக வருவதுதான் நம் எண். அதாவது 2³² + 1. 1732-இல் ஆய்லர், இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். ஒரே எண்ணால் ஃபெர்மாவின் கருத்து வீழ்ந்தது.

641 எப்படி அகப்பட்டது? இவ்வெண்ணின் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதை ஆய்லரின் ஆய்வு காட்டுகிறது. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

வகுக்காமலும் இதை மெய்ப்பிக்கலாம். 640 = 5 × 2⁷. எனவே 640⁴ = 5⁴ × 2²⁸. நீங்கள் அறிந்த காரணிப்படுத்தலின்படி,

640⁴ − 1 = (640 + 1)(640 − 1)(640² + 1).

ஆகவே 5⁴ × 2²⁸ − 1 என்பது 641-ஆல் வகுபடும். மேலும் 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இதுவும் 641-ஆல் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். எஞ்சுவது 2³² + 1. அதுவும் 641-ஆல் வகுபட்டே தீரவேண்டும் அல்லவா?

நான் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் துறையில் விதிகள் சோதனைகளை நம்பியே நிற்கின்றன. நாளை ஒரு சோதனை அவற்றைத் திருத்தலாம். கணிதமோ எல்லா எண்களுக்கும் பொருந்தும் உறுதியைத் தரவல்லது. அந்த உறுதியை நிரூபணமே தரும். எடுத்துக்காட்டுகள் எத்தனை அடுக்கினாலும் தரா. ஆனால் வகுப்பறையில் நடப்பதென்ன? இரண்டு மூன்று எண்களைப் பொருத்திப் பார்த்துச் சரியாக வந்ததும் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறோம். "ஏன்?" என்று கேட்கும் மாணவனிடம், "தேர்வுக்கு அது வேண்டாம்" என்கிறோம். இது பெருந்தவறு என்பேன்.

ஊகிப்பது குற்றம் என்று சொல்லவில்லை. ஃபெர்மாவின் ஊகம் இல்லையேல் ஆய்லரின் தேடலும் இல்லை. இன்றுவரை இவ்வரிசையில் ஆறாவது பகா எண் ஒன்றும் கிடைக்கவில்லை. இனி இல்லவே இல்லை என்றும் எவரும் நிரூபிக்கவில்லை. ஊகத்தை ஊகமென்றே அழைக்கும் நேர்மைதான் வேண்டும்.

எட்டு இலக்கக் கணிப்பானில் நம் எண் அடங்காது. தாளையும் பென்சிலையும் எடுங்கள். 67,00,417-ஐ 641-ஆல் பெருக்குங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்பவேண்டாம்.