விற்பனைக்கு ஒரு விண்மீன்



திருமணம், ஞானஸ்நானம், ஏன், இழவு வீட்டிற்குங்கூட ஒரு விண்மீனைப் பரிசாக விற்கும் வணிகம் மேலைநாடுகளில் 1970-களின் இறுதியில் தோன்றி, இன்றும் செழித்து நடைபெறுகிறது. பணம் செலுத்தினால், நாம் விரும்பிய பெயர் ஒரு விண்மீனுக்குச் சூட்டப்பட்டதாக முத்திரையிட்ட சான்றிதழும், அதன் இருப்பிடத்தை வட்டமிட்ட வான்படமும் வந்து சேரும்.

இப்பெயரை ஏற்பவர் யார்? விண்பொருள்களின் பெயர்களை முறைப்படுத்துவது 1919-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வானியல் ஒன்றியம். அது பெயர்களை விற்பதில்லை. பிறர் விற்றவற்றை ஏற்பதுமில்லை. விற்றவரின் சொந்தப் பதிவேட்டிலன்றி வேறெங்கும் அப்பெயர் இராது. அதே விண்மீனை மற்றொரு நிறுவனம் மற்றொருவருக்கு விற்பதைத் தடுப்பாருமில்லை. 'எங்கள் பதிவேடு பதிப்புரிமை பெற்ற நூல்' என்பர். பதிப்புரிமை நூலின் எழுத்துக்குக் காவலேயன்றி, அதிலுள்ள கூற்றுக்குச் சான்றன்று. 1998-இல் நியூயார்க் மாநகர நுகர்வோர் துறை இத்தகைய நிறுவனமொன்றின்மீது ஏமாற்று வணிகமெனக் குற்றஞ்சாட்டியது.

விளையாட்டென்று அறிந்தே வாங்குபவருக்கு அநீதி ஏதும் இழைக்கப்படவில்லை. அழகிய காகிதத்தைக் காகிதமென்றே விற்றால் நான் குறைகூறேன். குற்றம் 'அதிகாரபூர்வமானது' என்று தோன்றச் செய்யும் சொல்லில் உள்ளது. பெரிய எழுத்தில் வாக்களித்ததைச் சிறிய எழுத்தில் மறுத்துவிட்டால் ஒப்பந்தம் நேர்மையாகிவிடுமோ? விற்கும் பொருள் யாதென வாங்குபவர் தெளிவாய் அறிதல் நீதியான விற்பனையின் முதல் விதியன்றோ!

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் சான்றிதழோடு வானாய்வுக்கூடத்திற்கு வந்து, 'எங்கள் குழந்தையின் விண்மீனைக் காட்டுங்கள்' என வேண்டுவதுண்டு. விற்கப்படுபவை பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத மங்கலான விண்மீன்கள். தொலைநோக்கியைத் திருப்பி ஒரு சிறு புள்ளியைக் காட்டும் பணியாளர் உண்மையை உரைப்பதா, வாய்மூடி இருப்பதா? பணம் பெற்றவர் அங்கே இல்லை. 'எவ்வாறாயினும் ஆறுதல்தானே' என்போருக்கு ஒன்று கேட்பேன்: உண்மை வெளிப்படும் நாளில் அத்தாய் எதைப் பற்றிக்கொள்வாள்?

2019-இல் அவ்வொன்றியம் தன் நூற்றாண்டையொட்டி, ஒவ்வொரு நாடும் ஒரு விண்மீனுக்குப் பெயரிட வாய்ப்பளித்தது. இந்தியா சூட்டிய பெயர் 'பிபா'. இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக வைக்கப்பட்டது. முன்மொழிந்தவர் சூரத் நகரின் கல்லூரி மாணவர் ஒருவர். தெரிந்தெடுத்தோர் வாக்களித்த மக்கள். ஒரு காசும் கைமாறவில்லை.