நம் முகத்துவாரம் அடுத்தவன் போருக்குக் கொல்லைப்புறமா?

தோழர்களே!

வலை இழுப்பவர்களே, வெல்டிங் பிடிப்பவர்களே, கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்களே, காசிமேட்டில் கூடை தூக்கும் அக்காமார்களே! அவசரமாக உங்களை அழைக்கிறேன். வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

விடிகாலையில் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் போட்டைத் தள்ளி அலை தாண்டினால் வடக்கே காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி. 2022 ஆகஸ்ட் 7 அன்று அங்குள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு ஒரு கப்பல் வந்தது. பெயர் சார்லஸ் ட்ரூ. அமெரிக்கக் கடற்படைக்கு வெடிமருந்தும் சோறும் எரிபொருளும் சுமந்து செல்லும் கப்பல். 11 நாள் பழுது பார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. டெல்லியிலிருந்து பாதுகாப்புத் துறைச் செயலாளரே வந்து வரவேற்றார். 2023 மார்ச்சில் மாத்யூ பெர்ரி வந்தது. ஜூலையில் சால்வர் வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைத் தொடர்ந்து இங்கே பழுது பார்ப்பதற்கான ஒப்பந்தமும் அதே ஆண்டில் கையெழுத்தானது. ஜூன் மாதம் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையில் காட்டுப்பள்ளியின் பெயர் இருந்தது. பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் நம்மிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மாத்யூ பெர்ரி யார் தெரியுமா? 1853இல் பீரங்கிக் கப்பல்களோடு எடோ வளைகுடாவுக்குள் நுழைந்து, "வாணிபத்துக்குக் கதவைத் திற" என்று ஜப்பானை மிரட்டிய தளபதி. அடுத்த ஆண்டே ஜப்பான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அவர் பெயரைச் சுமந்த கப்பல் நம் கரையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

கப்பலை மட்டும் பார்த்தால் இது புரியாது. கப்பலை அனுப்புகிற கொள்கையைப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியம் உடைந்த சில மாதங்களில், 1992இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஒரு வரைவு தயாரானது. பால் வுல்ஃபோவிட்ஸின் பொறுப்பில் எழுதப்பட்டது. அமைச்சர் டிக் செனி. இனி உலகில் எந்த மூலையிலும் அமெரிக்காவுக்குப் போட்டியாக இன்னொரு வல்லரசு தலையெடுக்க விடக்கூடாது என்பதே அதன் சாரம். விஷயம் நியூயார்க் டைம்ஸில் கசிந்து கண்டனம் எழுந்ததும் வார்த்தைகளை மென்மையாக்கினார்கள். எண்ணத்தை மாற்றவில்லை.

நவபழமைவாதம் என்று பெயர் பெற்ற இந்தக் கொள்கைக்காரர்கள் 1997இல் 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வில்லியம் கிறிஸ்டலும் ராபர்ட் கேகனும் நிறுவனர்கள். 1998 ஜனவரியில் சதாம் உசேனை அகற்றச் சொல்லி அதிபர் கிளிண்டனுக்குக் கடிதம் போட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், வுல்ஃபோவிட்ஸ், ஜான் போல்டன் உண்டு. 2001இல் புஷ் ஆட்சி வந்ததும் செனி துணை அதிபர், ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சர், வுல்ஃபோவிட்ஸ் அவருக்குத் துணை. ஆபத்து வருவதற்கு முன்பே அடிக்கலாம் என்பது 2002இல் அரசின் அதிகாரப்பூர்வக் கொள்கையாகவே ஆனது. 2003 மார்ச்சில் இராக் எரிந்தது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள். தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அது இராக், நமக்கென்ன என்கிறீர்களா? நம் மணலிக்கு வாருங்கள். 1965இல் அங்கே மதராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கியபோது கூட்டாளிகள் மூவர்: இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். அமெரிக்கனும் ஈரானியனும் ஒரே ஆலையில் பங்கு போட்ட காலம் அது. ஈரான் கச்சா எண்ணெயை நம்பிக் கட்டிய ஆலை. அமோகோ 1980களில் விலகிக்கொண்டது. ஈரானிய நிறுவனத்தின் பங்கு இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் ஈரான் எண்ணெய் நின்றுபோனது. 2018 ஏப்ரலில் போல்டன் டிரம்ப்பின் பாதுகாப்பு ஆலோசகராக அமர்ந்தார். மே 8 அன்று ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. ஈரான் எண்ணெய் மீதான தடையிலிருந்து இந்தியாவுக்குத் தந்திருந்த விலக்கும் 2019 மே மாதம் முடிந்தது. டெல்லி தலையாட்டியது. மணலியில் எந்த நாட்டு எண்ணெய் காய வேண்டும் என்பதை வாஷிங்டன் தீர்மானிக்கிறது, தோழர்களே. ஆள் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. 2025இல் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று நம் ஏற்றுமதிச் சரக்கின் மீது கூடுதல் வரி போட்டு, மொத்தத்தை 50 சதவீதமாக்கினார்கள். ஆகஸ்ட் 27 முதல் இறால் வியாபாரத்தில் விழுந்த அடியை நாமும் பார்த்தோம்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. 2012 ஜூலை 16. துபாய் ஜெபல் அலிக்கு அருகே கடலில், மீன்பிடிப் படகொன்றின் மீது ராப்பஹானாக் என்ற அமெரிக்கக் கப்பல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. ஒரு தமிழ் மீனவர் அங்கேயே செத்தார். மூவர் காயப்பட்டார்கள். ராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்கள். எச்சரித்தோம், படகு நிற்கவில்லை என்றது அமெரிக்கக் கடற்படை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் உயிர் தப்பியவர்கள். அந்த ராப்பஹானாக் எண்ணெய் நிரப்பும் துணைக் கப்பல். சார்லஸ் ட்ரூ, மாத்யூ பெர்ரி, சால்வர் ஆகியவை எந்தப் பிரிவைச் சேர்ந்தவையோ, அதே ராணுவக் கடல் போக்குவரத்துப் பிரிவின் கப்பல்தான். "இதெல்லாம் சும்மா சரக்குக் கப்பல்" என்று நம்மிடம் சொல்ல வருகிறவர்களுக்கு அந்த மீனவர் வீட்டு வாசலைக் காட்டுங்கள். சரக்குக் கப்பல் இல்லாமல் எந்தப் போர்க்கப்பலும் மாதக்கணக்கில் கடலில் நிற்க முடியாது. வெடிமருந்தும் எண்ணெயும் கொண்டுபோகிறவன் போரில் பாதி.

நம் ஊருக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மதராஸ் கரைக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. ஆட்கள் செத்தார்கள். ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடியது. ஜெர்மனிக்கும் நமக்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. பகை பிரிட்டனோடு, எரிந்தது நம் துறைமுகம். அந்தப் பயத்தில் ஜனத்தின் நாவில் தங்கிய பெயர்தான் இன்றும் கெட்டிக்காரனை "எம்டன்" என்று சொல்ல வைக்கிறது. இன்று எண்ணூரைச் சுற்றிப் பாருங்கள். எல்என்ஜி முனையம், அனல்மின் நிலையங்கள், நிலக்கரி மேடு, மணலியின் தொட்டிகள். ஒரு பெரிய போரில் இந்தக் கரை யார் கண்ணிலாவது குறியாகப் பட்டால் ஓட நமக்குத் திசை எது?

குண்டு வேண்டாம், வெறும் எண்ணெயே போதும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையெங்கும் படிந்த கருஞ்சேற்றை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் இறங்கியபோதும் டப்பாவால் மோந்தவர்கள் நம் பிள்ளைகள். வலை போச்சு, போட் போச்சு, நண்டும் மடவையும் போச்சு. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் வைத்திருப்பவர்கள் யாரும் முதல் நாள் வரவில்லை. ஆகவே ஆபத்து வந்தால் யார் கை முதலில் நனையும் என்று நமக்குத் தெரியும்.

"ண்ணா, கப்பல் வந்தா நம்ம பசங்களுக்கு வேல வருது, அத்த ஏன் வேணான்றீங்க?" போன வாரம் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் போனால் நாம் தோழர்கள் இல்லை. தம்பி, பழுது பார்க்கும் வேலைக்கு நாங்கள் எதிரி இல்லை. வணிகக் கப்பல் வரட்டும், நம் நாட்டுக் கடலோரக் காவல் படைக் கப்பல் வரட்டும், ஊர்ப் பிள்ளைகள் கப்பல் கட்டும் தொழிலைக் கற்று நிமிரட்டும். ஆனால் நிலத்தைக் கொடுத்துவிட்டு நிரந்தர வேலை கேட்டுக் காட்டுப்பள்ளிக்குப்பத்து மக்கள் தெருவில் நின்றார்களே, அவர்களுக்கு இந்த ஒப்பந்தம் என்ன தந்தது? நிரந்தரம் கேட்டால் ஒப்பந்தக் கூலி, கேள்வி கேட்டால் தேசப் பாதுகாப்பு. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்.

"அப்போ சீனா வந்தால் பரவாயில்லையா?" என்றும் கேட்பார்கள். எவன் வந்தாலும் வேண்டாம் என்பதே நம் பேச்சு. நம் கடலைக் காக்க நம் கடற்படை இருக்கிறது. ஒரு யானைக்குப் பயந்து இன்னொரு யானையைக் கொல்லையில் கட்டினால் மிதிபடுவது வாழைத் தோட்டம்தான்.

"இதையெல்லாம் நம்மால் தடுக்க முடியுமா?" என்று சோர்ந்து போகாதீர்கள். தடுத்திருக்கிறோம். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொண்டன. நாடு கொந்தளித்தது. பிப்ரவரியில் சந்திரசேகர் அரசு அதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2003இல் இராக்குக்கு இந்தியப் படையை அனுப்பச் சொல்லி வாஷிங்டன் நெருக்கியது. தெருவிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்த எதிர்ப்பின் முன்னால், ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு முடியாது என்றது. 2007இல் நிமிட்ஸ் விமானந்தாங்கி சென்னைக் கடலில் நங்கூரமிட்டபோது எதிர்த்து நின்றோம். அதே ஆண்டு செப்டம்பரில் வங்கக் கடல் கூட்டுப் பயிற்சியைக் கண்டித்து, சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்கு இடதுசாரிகள் பிரசாரப் பயணம் போனார்கள். 2024 பிப்ரவரியில் இந்திய நீர்ப்போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், காசா மக்களைக் கொல்லப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. தொழிலாளியின் கை நின்றால் கிரேன் நிற்கும்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நாம் தளர்ந்த இடங்களும் உண்டு. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவோடு தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு நாட்டுப் படைகளும் மற்றவர் துறைமுகத்தில் எண்ணெய், உணவு, உதிரிபாகம் பெற அது வழி திறந்தது. 2018இல் தகவல் தொடர்பு ஒப்பந்தம், 2020இல் வரைபடத் தரவு ஒப்பந்தம். ஒவ்வொன்றும் பத்திரிகையில் செய்தியாக வந்தது. நாம் படித்துவிட்டு மடித்து வைத்தோம். அந்த மடிப்புகளுக்குள்ளிருந்துதான் காட்டுப்பள்ளி எழுந்தது. அடுத்த செய்திக்காக இனியும் காத்திருக்கக் கூடாது.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகளை நான்காகத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். மாநில அரசின் டிட்கோவும் கூட்டு சேர்ந்து உருவான தளம் அது. ஆகவே கோட்டைக்கும் பதில் சொல்லும் கடமை உண்டு.

இரண்டு: போரில் ஈடுபட்டிருக்கும் எந்த நாட்டின் ராணுவக் கப்பலுக்கும், அதற்குச் சரக்கு சுமக்கும் கப்பலுக்கும் இங்கே பழுது பார்க்கக் கூடாது.

மூன்று: அந்நிய ராணுவக் கப்பல் வரும் நாட்களில் மீன்பிடிக்கத் தடை போட்டால் ஒவ்வொரு போட்டுக்கும் நாள் கணக்கில் ஈடு தர வேண்டும். விபத்து நடந்தால் குப்பத்து மக்களை எப்படி வெளியேற்றுவார்கள் என்ற திட்டத்தை ஊர்க்கூட்டத்தில் வந்து விளக்க வேண்டும்.

நான்கு: நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை.

செய்ய வேண்டியதும் தெளிவு. காட்டுப்பள்ளித் தோழர்கள் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் குப்பங்களின் பெரியதனக்காரர்கள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டுங்கள். சங்கத் தோழர்கள் ஒவ்வொரு ஷிஃப்ட் வாசலிலும் கால் மணி நேரம் பேசுங்கள். படித்த பிள்ளைகள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். அமெரிக்க மக்களோடு நமக்குப் பகை இல்லை என்பதை எல்லா இடத்திலும் சொல்லுங்கள். இராக் போருக்கு எதிராக 2003இல் அவர்களும் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளையும் அந்தக் கொள்கைதான் பிணப்பெட்டியில் அனுப்பியது.

இந்த நகரத்தின் முதல் செங்கொடியை 1923 மே நாளில் கடற்கரையில் ஏற்றியவர் சிங்காரவேலர், நம் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. மணலில் நின்றுதான் அவர் உலகத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினார். நமக்கும் மணல் இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை, போட்டுகள் கரையேறும் நேரம், முகத்துவாரத்து மணல் திட்டில் கூடுவோம். வலையோடு வாருங்கள், ஹெல்மெட்டோடு வாருங்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஜெபல் அலிக் கடலில் செத்த அந்த மீனவருக்காக முதலில் ஒரு நிமிடம் நிற்போம். பிறகு வடக்கே திரும்பி, காட்டுப்பள்ளி வரை கேட்கும்படி நம் நான்கு கோரிக்கைகளையும் சொல்வோம்.

தோழர்களே, வாருங்கள்!